ஈஸ்டர் வரைக்கும் எங்களை மறைத்துவைக்கப் பார்த்தது

கிறிஸ்தவர்களைக் கண்ணால் பார்க்காமலே ஒரு மனிதன் கிறிஸ்தவனாகிவிட முடியும் என்று, ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பான லெந்து காலம் முழுக்க நம்பினேன். திண்டிவனத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மண்டியில் குமாஸ்தா, ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவன் நம்புகிற விஷயமா இது? நம்பினேன்.

ஜெர்மன்காரனோடு சண்டை தொடங்குவதற்குக் கொஞ்சம் முந்திய காலம். வல்லத்துப் பக்கமிருந்து மண்டிக்கு மூட்டை ஏற்றிவரும் வண்டிக்காரர் ஒருவர் இருந்தார். நிலம் கிடையாது, அந்த ஒற்றை வண்டிதான் பிழைப்பு. அவர் மனைவிக்குத் தாய்வீடு விழுப்புரத்துப் பக்கம் காணை. பிரசவத்துக்குப் போன இடத்தில் ஜன்னி கண்டு, விழுப்புரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அங்கே ஒரு கிறிஸ்தவ நர்ஸம்மா அவரை வெந்நீரில் துடைத்துவிட்டு, சிக்குப் பிடித்த தலையை மடியில் வைத்துப் பேன் பார்த்து வாரிவிட்டிருக்கிறார்.

"எங்க சேரிப் பொம்பளைய மடியில சாச்சிக்கினு தல வாருனாங்கய்யா," என்றார் வண்டிக்காரர். "அந்த அம்மா கும்புடுற சாமி எங்களுக்கும் வோணும்."

போதகரிடம் சொன்னேன். ஈஸ்டரன்று இருவருக்கும் ஞானஸ்நானம் என்று முடிவாயிற்று. அதுவரை ஜெபமும் கட்டளைகளும் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அப்புறம்தான் யோசித்தேன். இவர் நர்ஸம்மாவைத்தான் பார்த்திருக்கிறார். எங்களைப் பார்த்ததில்லையே.

எங்கள் சபை மூப்பர் பொழுது சாய்ந்தால் கள்ளுக்கடைப் பக்கம் காற்று வாங்கப் போவார். திரும்பும்போது தெருவின் இரண்டு ஓரமும் அவருக்கு வேண்டியிருக்கும். பாட்டு நடத்துகிறவரோ, கோயிலில் தமக்கு எட்டாத சுருதியையெல்லாம் வீட்டில் மனைவியை ஏசும்போது எட்டிவிடுவார். இவர்களை வண்டிக்காரர் கண்ணில் படாமல் காப்பது என் ஊழியமாயிற்று. பாட்டுக்காரர் தெருவில் பாதை மோசம், மாட்டுக்குக் கால் ஒடியும் என்று சொல்லிச் சுற்றுவழியில் அனுப்பினேன். ஒருநாள் மூப்பர் எதிரே ஆடிக்கொண்டு வரவே, பதறிப்போய் வண்டிக்காரரின் மோவாயைப் பிடித்து வானத்தின் பக்கம் திருப்பி, "அந்த மேகத்தப் பாருய்யா. தேவனோட கிரியை," என்றேன். பங்குனி வெயில். வானத்தில் பஞ்சுத் துணுக்கு அளவுக்குக்கூட மேகம் இல்லை.

அவர் நிதானமாக அண்ணாந்து பார்த்தார். "மேகம் ஒண்ணும் காணங்களே. ஒடம்பு எதுனா சரியில்லையா உங்களுக்கு?"

பொய் சொல்லக்கூடாது என்ற கட்டளையை நான் அவருக்குக் கற்றுக்கொடுத்த வாரம் அது.

ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறு, ஆராதனையைப் பார்த்துப் பழக இருவரும் வந்தார்கள். மூப்பர் தெளிவாக இருந்தார். பாட்டுக்காரரும் மனைவியும் சேர்ந்தே வந்தார்கள். தப்பித்தோம் என்று நினைத்தேன். மறைக்க வேண்டியவற்றில் பெரியது எதுவோ அது எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் கோயிலில் முன்னால் பெஞ்சு, பின்னால் பாய். சில குடும்பங்களுக்குப் பெஞ்சு, மற்றவர்களுக்குப் பாய். எங்கும் எழுதிப்போட்ட சட்டமில்லை. நான் பெஞ்சுக் குடும்பம். பிறந்ததிலிருந்து பார்த்ததால் எனக்கு அது தூணும் சுவரும் மாதிரி.

நேரத்தோடு வந்த வண்டிக்காரர் மனைவி, இடம் காலியாக இருக்கிறதே என்று பெண்கள் பக்கம் முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டார். வண்டிக்காரர் என் பக்கத்தில். மூப்பரின் மனைவி வந்தார், உட்காரவில்லை. பெஞ்சு ஓரமாக நின்றார். பின்னால் வந்த பெண்களும் நின்றார்கள். என்ன பாட்டு என்று பலகையில் எழுதியிருந்தும் போதகர் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் மணியடிக்கிறவர் எங்களிடம் வந்து வண்டிக்காரர் பக்கம் குனிந்தார்.

"உங்காளுங்க பாயிலதாம்ப்பா குந்துவாங்க. அந்தம்மாவயும் இட்டுக்கினு பின்னால போ. ஜல்தி."

நான் எழுந்தேன். அவர்கள் இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லத்தான் எழுந்தேன். மூப்பரம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தார். வாயைத் திறந்தால் "ஸ்தோத்திரம்" என்று வந்தது. ஜெபம் தொடங்கிவிட்டது என்று எண்ணிச் சபை முழுதும் கண்ணை மூடித் தலை குனிந்தது. இனி என்ன செய்ய? நானும் மூடிக்கொண்டு மழைக்காக ஜெபித்தேன், வியாதிக்காரருக்காக ஜெபித்தேன், சக்கரவர்த்தியின் சுகத்துக்காகக்கூட ஜெபித்தேன். நிறுத்தினால் அடுத்தது என்னவென்று தெரியவில்லை. ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது அவர்கள் பெஞ்சில் இல்லை. பாயிலும் இல்லை.

வெளியே ஓடினேன். வண்டிக்காரர் மாட்டை நுகத்தில் பூட்டிக்கொண்டிருந்தார்.

"அவரு தெரியாம சொல்லிட்டாருய்யா."

"தெரிஞ்சிதாங்க சொன்னாரு. நீங்க பேஜாராவாதீங்க."

"எல்லாரும் அப்பிடி இல்ல. ஏதோ மூப்பர் மாதிரி சிலபேரு..."

"மூப்பரு குடிக்கிறது தெரியுங்க. எத்தினியோ தபா நாந்தான் வண்டியில போட்டாந்து ஊட்ல உட்டேன். பாட்டுக்காரரு சத்தமும் கேட்டுக்கீறேன். மனுசங்கதானேன்னு உட்டுட்டேன்."

வண்டிக்குள்ளிருந்து அவர் மனைவி சொன்னார்: "பின்னால குந்துறத எங்கூர்லயே குந்திக்கினுதான் கீறோம். அதுக்கு இம்மாந் தூரம் மாட்ட ஓட்டிக்கினு வரணுமா? ஓட்டுய்யா."

வண்டி நகர்ந்தது. உள்ளே பாட்டு தொடங்கியிருந்தது.

அடுத்த நாள் அவர் வழக்கம்போல மூட்டை ஏற்றிவந்தார். மாட்டுக்கு லாடம் கழன்றதைப் பற்றிப் பேசினோம். அந்த ஈஸ்டருக்கு அவர்கள் ஞானஸ்நானம் பெறவில்லை. பிறகும் பெறவில்லை.