கொடும்பாளூருக்கு ஒரு கித்தான் பை

யுத்தகாலத்தில் புதுக் கித்தான் எளிதில் கிடைக்கவில்லை. பழைய வண்டிப் படுதாவை வெட்டித் தையற்காரர் எனக்கொரு நீண்ட பை தைத்துக் கொடுத்தார். கயிற்றை இழுத்தால் வாய் சுருங்கும். பெண்கள் பள்ளிச் சாரணியராகிய நாங்கள் கொடும்பாளூரில் இரண்டு நாள் கூடாரமடித்துத் தங்கப்போகிறோம் என்று கேட்டதிலிருந்தே எனக்குச் சோறு இறங்கவில்லை.

டீச்சரின் நிபந்தனை ஒன்றே: ஆளுக்கொரு பை, அதைத் தரையில் வைக்காமல் விளையாட்டுத் திடலை மூன்று முறை சுற்றுகிறவளே பஸ் ஏறலாம். ஆத்தாவின் நிபந்தனை வேறு: ஜமுக்காளமும் பித்தளைச் செம்பும் இல்லாமல் நான் வாசல் தாண்டக் கூடாது.

"கண்ட ஏனத்துல தண்ணி குடிச்சிட்டு வந்து காய்ச்சல்ல படுக்கவா?"

பாவாடைகளை மடித்து அடுக்கினேன், பை நிரம்பிவிட்டது. எல்லாவற்றையும் கொட்டி, பாய் சுருட்டுவதுபோல் ஒவ்வொன்றையும் இறுக்கிச் சுருட்டினேன். பாதிப் பை மிஞ்சியது. செம்பின் வயிறு வீணாகிறதே என்று புளிச்சோற்றை அதற்குள் அடைக்கத் தொடங்கினேன். என் சாமர்த்தியம் எனக்கே பிடித்திருந்தது.

படிப்பை நிறுத்திக் கல்யாணத்துக்காக வீட்டில் இருந்த அக்கா எட்டிப் பார்த்தாள்.

"பித்தளையில புளியா? களிம்பேறி ஒங்க கூட்டமே வாந்தியெடுக்கட்டும்."

சோற்றை வாழையிலையில் கட்டினாள். செம்புக்குள் ரவிக்கைகளைத் திணித்தாள். பிறகு பையின்மேல் ஏறி உட்கார்ந்து அழுத்தினாள்.

"எறங்குக்கா, ஒடஞ்சிரும்."

"ஒடையிறதுக்கு உள்ள என்னடி இருக்கு? ஒன் மூளகூட இங்கிட்டுத்தான கெடக்கு."

சோற்றுப் பொட்டலத்தை மேலே வைத்துக் கயிற்றை இழுத்தோம். அவள் எந்த முகாமுக்கும் போனவளல்லள். ஆனாலும் அன்று அவள் கைகளில் இருந்த பரபரப்பு என்னுடையதற்குக் குறைந்ததன்று.

மறுநாள் காலை, இரண்டாம் சுற்றின் பாதியில் கயிறு தோளை அறுத்தது. இன்னும் பத்தடியில் பை நழுவிவிடும் என்று தெரிந்தது. அதை இடுப்பில் இடுக்கியபடியே தாவணி முந்தானையைச் சுருட்டித் தலையில் சும்மாடு வைத்தேன். குடத்தை ஏற்றுவதுபோல் பையை மேலே ஏற்றினேன். கழுத்துக்கு அது பழகிய பாரம்.

"தோள்லதானம்மா தூக்கச் சொன்னேன்?"

"கீழ வைக்கக் கூடாதுன்னுதான் டீச்சர் சொன்னீங்க."

அவர் ஊதலை வாய்க்குக் கொண்டுபோய், ஊதாமலே இறக்கினார். மூன்றாம் சுற்றை முடித்துத் திரும்பினேன். எனக்குப் பின்னால் நான்கு தலைகளில் நான்கு பைகள் ஆடி வந்துகொண்டிருந்தன. டீச்சர் பென்சிலை நாக்கில் தொட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு, எங்கள் ஐவர் பெயரையும் எழுதினார்.