நாளை வலை மாற்றம்

இன்று காலை இனயம் என்கிற எங்கள் கடற்கரை ஊரில் படகுச் சங்க அலுவலகத்தைத் திறக்கப் போனால், வாசலை மறித்துக் கிழிந்த வலை ஒரு குவியலாகக் கிடக்கிறது. அதன்மேல் தாசண்ணன் உட்கார்ந்திருக்கிறார்.

"மக்கா, பழசக் கொண்டாந்துட்டேன். புதுசு எங்க?"

எல்லாம் நான் செய்த வேலை. இன்று அலுவலக இன்டர்நெட் வேறு லைனுக்கு மாறுகிறது. நல்ல தமிழில் சொல்வோமே என்று சங்கத்து வாட்ஸாப் குழுவில் நேற்று எழுதிவிட்டேன்: "நாளை வலை மாற்றம். அனைவரும் தயாராக இருக்கவும்."

பின்னாலேயே இன்னும் நாலு பேர் வலையோடு வந்தார்கள். விஷயம் தெரிந்ததும், "அப்ப நாங்க வாறோம்" என்று கிளம்பினார்கள்.

விடுவேனா? படகில் போகிறவர்களின் பட்டியல் ஆன்லைன் ஷீட்டில்தான் இருக்கிறது. சோதனையில் அதைக் காட்டாமல் கடலுக்குப் போக முடியாது. பழைய லைனைத் துண்டித்தால், புது லைன் வரும்வரை அலுவலகத்தில் அது திறக்காது; கரையில் போன் சிக்னலும் கிடைக்காது.

"ஒருத்தரும் போகப்பிடாது. போனை எடுங்க."

ஒவ்வொருவர் போனிலும் ஷீட்டை ஆஃப்லைனில் சேமிக்க வைத்தேன். "இனி பிளைட் மோடில் போட்டுத் திறந்து பாருங்க. திறந்தாதான் சேமிச்சதா அர்த்தம்."

"பிளைட்டா? நான் வள்ளத்துலல்லா போறேன்" என்றார் தாசண்ணன். ஆனாலும் போட்டார். திறந்தது.

ஐந்து போனும் தயார். தாசண்ணனின் வலை மட்டும் இன்னும் வாசலில் கிடக்கிறது. புதுசு வராமல் எடுக்க மாட்டாராம்.

தமிழ் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நெட்வொர்க்குக்கு, எங்கள் ஊரில் யாரும் தோளில் தூக்கிக்கொண்டு வர முடியாத ஒரு சொல் வேண்டும்.