ஜனவரியிலேயே நின்ற கம்ப்யூட்டர்

தேரடித் தெருவில் ஒரு லாட்ஜுக்குக் கீழே இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருபத்துமூன்று வயது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பயோடேட்டா அடிப்பது, கல்யாணப் பத்திரிகை அடிப்பது, கம்ப்யூட்டர் ஜாதகம் போடுவது, இவ்வளவுதான் வேலை. பௌர்ணமி வந்தால் கிரிவலக் கூட்டம் ஜாதகத்துக்காக வாசல்வரை நிற்கும். அன்றைக்கு மட்டும் ஓனர் என்னிடம் சிரித்துப் பேசுவார்.

அந்தத் தை மாதம் சிடி டிரைவோடு புது மெஷின் ஒன்று வந்தது. ஓனரின் மச்சான் துபாயிலிருந்து நாலு பாட்டு சிடி கொண்டுவந்து கொடுத்தார். அவற்றைப் பாட வைக்க ஒரு புரோகிராம் வேண்டுமே. கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த பிளாப்பி ஒன்றில் அது கிடைத்தது. ஷேர்வேர் என்று போட்டிருந்தது. ஓசி மாதிரி இருக்கும், ஆனால் ஓசி இல்லை. முப்பது நாள் சும்மா கேட்கலாம், பிடித்திருந்தால் எழுதியவனுக்கு அமெரிக்காவுக்கு டாலர் அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் முப்பத்தோராம் நாள் வாயை மூடிக்கொள்ளும்.

எனக்கு அது பிடித்திருந்தது என்று சொன்னால் போதாது. எங்கள் வீட்டில் ரேடியோ அப்பாவுடையது, டேப் ரெக்கார்டர் அண்ணனுடையது. அவர்கள் வைத்ததைத்தான் நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்க வேண்டும். இந்தப் புரோகிராமில் ஒவ்வொரு பாட்டின் பெயரையும் நானே இங்கிலீஷ் எழுத்தில் அடித்து வைத்தேன். அடுத்த முறை அதே சிடியைப் போட்டால் அடையாளம் கண்டுகொண்டு, நான் அடித்த பெயர்களை வரிசையாகக் காட்டும். பிடிக்காததைத் தள்ளிவிட்டு இந்த நாலை மட்டும் பாடு என்றால் பாடும். பிறந்ததிலிருந்து நான் சொன்னதைச் சொன்னபடி கேட்ட முதல் ஆள் அதுதான்.

முப்பது நாள் முடியப்போன சமயத்தில் ஒரு யோசனை வந்தது. மெஷினின் தேதியைப் புரோகிராம் போட்ட நாளுக்கே பின்னால் தள்ளி வைத்தேன். நம்பிவிட்டது. அதன்பிறகு தினமும் காலையில் சாமி படத்துக்குப் பூ வைத்துவிட்டு, தேதியை ஜனவரி இருபதுக்கு மாற்றிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவேன். வெளியே மாசி போய், பங்குனி போய், சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. என் மெஷினில் மட்டும் தை மாதம். கெட்டிக்காரிதான் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஆனி மாதத்தில் கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு அப்பாவும் மகளும் வந்தார்கள். அவர் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போடுகிற விவசாயி. மகள் பால்வாடி டீச்சர், முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள். ஜாதக நோட்டு மழையில் நனைந்து எழுத்தெல்லாம் கரைந்துவிட்டதாம். போளூரில் ஒரு இடம் கூடி வந்திருக்கிறது, ஜாதகம் கேட்கிறார்கள் என்றார். நான் பாட்டைக் குறைத்து வைத்துவிட்டு, பிறந்த தேதியும் நேரமும் வாங்கி, ஒரு பக்க ஜாதகம் போட்டுக் கொடுத்தேன். அவர் அதை வேட்டி மடிப்பில் வைக்காமல், மஞ்சள் பையில் அட்டைக்கு நடுவே வைத்து எடுத்துப்போனார்.

பத்து நாள் கழித்து அவர் மட்டும் வந்தார்.

"வேணாம்னுட்டாங்க பாப்பா. ராகு புக்தி முடிய இன்னும் மூணு மாசம் இருக்குதாம். அதுவரைக்கும் தாலி கட்டக் கூடாதாம். பையனோட அப்பா தவறிப்போயி ஆவணியோட வருஷம் முடியுது, அதுக்குள்ள கல்யாணத்த முடிச்சாவணும்னு அவங்க நிக்கிறாங்க. கம்ப்யூட்டர்ல இதுக்கு ஏதாவது பரிகாரம் போடுவீங்களா?"

அவர் நீட்டிய தாளை வாங்கினேன். கீழ் மூலையில் எறும்பு அளவில் அச்சான தேதி, ஜனவரி இருபது. நடப்புத் திசையையும் புக்தியையும் ஜாதகப் புரோகிராம் மெஷினின் தேதியைப் பார்த்துத்தான் கணக்குப் போடும். இத்தனை மாதமாக அது ஒவ்வொருவருக்கும் தை மாதத்துப் பலனையே அச்சடித்துக்கொண்டிருந்திருக்கிறது. எத்தனை பௌர்ணமிக்கூட்டம் என் ஜனவரியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போனதோ! தேதியைச் சரிசெய்து மறுபடி போட்டேன். ராகு புக்தி சித்திரையிலேயே முடிந்திருந்தது.

"மெஷின்ல ஒரு கோளாறுங்க, இப்ப சரியாயிடுச்சு" என்றேன். என் கை செய்த வேலை என்று சொல்ல வாய் வரவில்லை. அவர் புதுத் தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார். நான் அன்று பாட்டுப் போடவில்லை. தேதி சரியாகிவிட்டதால் போட்டாலும் பாடியிருக்காது.

அந்த வாரக் கடைசியில் மகள் தனியாக வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"போளூர்ல அப்பாவ அசிங்கப்படுத்தி அனுப்பிட்டாங்க. காசு குடுத்தா கம்ப்யூட்டர்ல எந்தத் தேதி வேணும்னாலும் மாத்திக் குடுப்பாங்க, இது எங்களுக்குத் தெரியாதானு கேட்டாங்களாம். அப்பா வந்ததுலருந்து சாப்பிடல." கையிலிருந்த பையை என் மேஜைமேல் வைத்தாள். "இதுவரைக்கும் ஆறு பேரு வந்து பாத்துட்டுப் போயிருக்காங்க. எனக்குப் பிடிச்சிருக்குதானு யாரும் கேட்டதில்ல. இவர எனக்குப் பிடிச்சிருந்துச்சுங்க. பால்வாடி பசங்க பேரெல்லாம் கேட்டாரு."

அதற்குப்பிறகு என்னால் பொய்யோடு உட்கார முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். பாட்டுக்காகத் தேதியை மாற்றினேன் என்று சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். "இத அவங்ககிட்ட நீங்க வந்து சொல்வீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

ஓனரிடம் சொன்னேன். அவருக்கு முகம் கறுத்துவிட்டது. "நம்ம ஜாதகம் தப்புனு நீயே போயி சொல்லுவியா? நாளைக்கு ஒருத்தன் வாசப்படி ஏற மாட்டான். போறதுன்னா அப்படியே போயிடு, திரும்பி வராத" என்றார். அவர் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. மெஷினிலிருந்து சிடியை எடுத்து உறையில் போட்டு அவர் மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன். வீட்டில் அம்மாவிடம் வயிற்றுவலி, லீவு என்றேன்.

மறுநாள் அந்தப் பெண்ணின் அப்பாவோடு போளூர் பஸ் ஏறினேன். அவருக்கு வரவே விருப்பமில்லை. "ஒருதபா வாங்கிக் கட்டிக்கினது போதாதா?" என்று வழியெல்லாம் முனகினார்.

மாப்பிள்ளையின் அம்மா வாசலிலேயே நின்றார். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை, தண்ணீர் தரவில்லை. நான் இரண்டு தாளையும் காட்டி, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். உள்ளேயிருந்து அந்தப் பையன் எழுந்து வந்து கதவோரம் நின்றான்.

"பாட்டு கேக்கறதுக்கா தேதிய மாத்துன? எங்ககிட்டயே கதை வுடுறியா? இப்பிடி வந்து சொல்றதுக்கு உனுக்கு எவ்ளோ குடுத்தாரு இவுரு?" என்றார் அந்த அம்மா.

கூட வந்தவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. அன்றைக்கும் சரி இன்றைக்கும் சரி, கோபம் வந்தால்தான் எனக்கு உண்மை சுலபமாக வரும்.

"அவரு ஒண்ணும் குடுக்கலைங்க. இத சொல்ல வந்ததால நேத்தே எனக்கு வேலை போயிடுச்சு. எங்க வீட்ல இன்னும் தெரியாது. இன்னிக்கு சாயங்காலம் போயிதான் சொல்லணும்."

அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு இரண்டு தாளையும் என் கையிலிருந்து வாங்கி, படிக்காமல் மகனிடம் கொடுத்தார்.

"வேலைய வுட்டுட்டு வந்து பொய் சொல்லமாட்டா" என்று அவனிடம் சொன்னார். பிறகு பெண்ணின் அப்பா பக்கம் திரும்பி, "வெயில்ல ஏன் நிக்கிறீங்க, உள்ள வாங்க. காப்பி சாப்டுட்டுப் பேசலாம்" என்றார்.