என் இறக்கைக்கு வைத்த பொட்டு
ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். சூளகிரியில் கொட்டகை போட்டு லேத் ஓட்டினேன், பம்பு செய்தேன், ஓசூர் கம்பெனிகளுக்கு அச்சு செய்தேன், கடைசியில் விமானத்துக்கே இறக்கை செய்தேன். தண்ணீரிலிருந்து கிளம்பும் விசிறி விமானத்தின் சிறிய மாதிரி அது. இறக்கையின் பின்ஓரத்தில் கீழே மடங்கும் மடலை ஒட்டி மயிரிழைப் பிளவு ஒன்று விட்டிருந்தேன். அதன் வழியாகக் காற்றை ஊதினால் விமானம் சீக்கிரம் எழும்பும்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் காற்றை வேகமாக ஓடவிடும் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்தார்கள். இறக்கையை மேலே தூக்கும் விசை ஏறவேயில்லை.

"இன்னிக்கு சரியாகலன்னா இந்த வேலைய வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க சார்" என்றார் சோதனையை நடத்திய பெங்களூர் இன்ஜினியரம்மா.

காற்றை நிறுத்தி, டார்ச் அடித்துக் குனிந்தார்.

"பிளவுல என்ன சார், சந்தனமா?"

"பூஜை போட்டோம்மா. மிஷினுக்கெல்லாம் வெச்ச பசங்க இதுக்கும் பொட்டு வெச்சுட்டானுங்க."

"கும்புட்டது சரி. பறக்க வேணாமா?"

ஊசியால் நானே சுரண்டினேன். பிளவு துளி அகலமானாலும் இறக்கை வீண். மறுபடி ஓட்டியதும் திரையில் தூக்குவிசைக் கோடு விறுவிறுவென்று ஏறியது.

சோதனை அறிக்கையில் அந்தம்மா பெயர் மட்டும் இருக்கிறது. இருக்கட்டும், அடைப்பைக் கண்டவர் அவர்தான். அந்த இறக்கையைச் செய்தவன் நான். அறிக்கை எழுதியவர்களைத்தான் கேட்கிறேன், என் பெயரையும் போடுங்கள்.