லூர்து மேரியின் ஆட்களைத் தேடிக் காந்தலுக்கு

என் அம்மாவின் அப்பாவைப் பெற்றவர் லூர்து மேரி. வெள்ளைக்காரன் காலத்தில் ஊட்டிப் பக்கம் ஓர் எஸ்டேட் பங்களாவில் ஆயா. பிள்ளை பெற்ற கையோடு இறந்துபோனார். கணவர் குழந்தையோடு கோயமுத்தூருக்கு இறங்கி மறுமணம் செய்துகொண்டார். மேரியின் பிறந்த வீட்டைப் பற்றி அதன்பின் பேச்சே இல்லை. "ஆளில்லாத ஆயா பேத்தி" என்று கல்யாண வீடுகளில் அம்மாவைச் சீண்ட மட்டும் அவருடைய சித்தி மறந்ததில்லை. பாட்டி வழியில் ஒரே ஒரு சொந்தத்தையாவது பார்த்துவிட வேண்டும் என்பது அறுபத்தெட்டு வயது அம்மாவின் ஆசை.

போன மே மாதம் ஊட்டியில் காந்தல் கல்லறைத் தோட்டத்தில் மேரியின் கல்லறையைக் கண்டுபிடித்தோம். புதுச் சுண்ணாம்பு! சிலுவையடியில் உருகிய மெழுகு. யார் வருகிறார்கள் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. கல்லறைத் திருநாளன்று வராமல் எங்கே போய்விடுவார்கள்? நவம்பர் இரண்டாம் தேதிக்கு அப்போதே லீவு சொல்லிவிட்டேன்.

மேட்டுப்பாளையத்தில் காலை ஐந்து மணிப் பேருந்து. ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். குன்னூரில் டீ குடித்தும் ஏழரைக்கு ஊட்டி. காந்தலுக்கு ஆட்டோ நூற்றைம்பது ரூபாய். (பேரம் பேசலாம். நல்ல நாளென்று அம்மா விடவில்லை.)

அம்மா கல்லறையைத் துடைத்து, செவ்வந்தி வைத்து, மெழுகுதிரி ஏற்றினார். பின்னாலிருந்து ஒரு குரல் சீறியது.

"ஏனுங்க, கல்லறை மாறி வந்துட்டீங்களா? இது எங்க அப்பாவோட பெரியம்மா கல்லறைங்க!"

ஐம்பது வயதுக்காரர் ஒருவர் மாலையும் கையுமாக நின்றார். பின்னால் அவர் குடும்பம். நான் வாய் திறக்குமுன் அம்மா முந்திக்கொண்டார்.

"எங்க அப்பாவோட அம்மாங்க இவங்க."

மனிதர் மாலையைக் கீழே போட்டுவிட்டார். பெயர் செல்வராஜ், வீடு காந்தலில்தான். மேரியின் தங்கை பேரன். முறைக்கு அம்மாவுக்குத் தம்பி.

"எங்க பாட்டி சாகற வரைக்கும் சொல்லிட்டே இருந்தாங்க அக்கா. 'அக்கா பையனைக் கீழ கொண்டுபோயிட்டாங்க, என்னைக்காச்சும் தேடி வருவான், கல்லுல பேர் தெரியணும்'னு. வருசாவருசம் சுண்ணாம்பு அடிக்கிறது அதுக்குத்தாங்க."

அம்மா அழுதார். நானும்தான். பிறகு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அங்கேயே நின்று சித்திக்குப் போன் போட்டார். "ஆளில்லாதவன்னீங்களே சித்தி, பதினோரு பேரு நிக்கறாங்க. ஒவ்வொருத்தரா பேசச் சொல்லட்டுங்களா?"

நீங்களும் இப்படித் தேடிப் போவதென்றால், ஸ்வெட்டரும் குடையும் அவசியம். நவம்பரில் மழை சொல்லிக்கொண்டு வராது. பூவைக் கீழே மேட்டுப்பாளையத்திலேயே வாங்கிவிடுங்கள். பூசை முடிந்தால் கூட்டம் அதிகமாகும், எட்டு மணிக்குள் கல்லறையருகே இருங்கள். யாராவது திட்டினால் கோபித்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள், அவர்தான் உங்கள் சொந்தமாக இருப்பார்.

கிறிஸ்துமஸுக்குப் பதினோரு பேரும் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். இருப்பது இரண்டே அறை. அம்மாவுக்கு அதெல்லாம் ஒரு கவலையா? பாய் வாங்கப் போயிருக்கிறார்.