சட்டைப்பையில் வெள்ளைத்தாள்

காற்று வரும் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டு, மருந்து தோய்த்த சுண்டுவிரல் அகலத் தாள் ஒன்றைத் தண்ணீரில் தொட்டு நனைக்கிறார் சுண்ணாம்பு அண்ணன். கோபுரத்திலிருந்து வெளியேறும் குழாயில் சின்ன வால்வைத் திறந்து, சீறி வரும் வாயுவுக்கு முன்னால் அதைக் காட்டுகிறார். தாள் வெள்ளையாகவே இருந்தால் ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான். பழுப்பேறினால் கீழே எட்டிப் பார்த்து ஒரு குரல்: "கல்லுக்கு வயிறு ரொம்பிருச்சுப்பா. மாத்துங்க."

நிலக்கரியை வாயுவாக்கிக் கண்ணாடி உருக்கும் உலைக்கு அனுப்புகிற ஆலை அது. கரியோடு ஒட்டிப் பிறந்த கந்தகம் வாயுவிலும் விடாமல் கூடவே வரும். தாளைப் பழுப்பாக்குவது அதுதான். உலைப் பக்கம் போனால் குழாயை அரித்துவிடும். வெளியே போனால் ஊரே மூக்கைப் பிடிக்கும். அதனால் நடுவழியில் ஒரு கோபுரம். உள்ளே நெருப்புச் சூட்டில் சுண்ணாம்புக் கல். அதன் இடுக்குகளில் புகுந்து வருகிற வாயுவில் உள்ள கந்தகத்தைக் கல் தின்றுவிடும். தின்று முடித்த கல்லை அடியில் வாரி எடுத்து, மேலே புதுக்கல் கொட்ட வேண்டும். அண்ணனுக்கு அந்தப் பெயர் வந்த வழி அதுதான். "கல்லும் புது மாப்பிள்ளையும் ஒண்ணு. வந்த புதுசுல போடப் போடத் தின்னும். அப்புறம் எதைப் போட்டாலும் மூஞ்சியைத் திருப்பிக்கும்" என்பார்.

தின்ற கல்லில் ஒரு வில்லங்கம் உண்டு. ஈரம் படக்கூடாது. பட்டால் தின்றதைக் கக்கிவிடும், அழுகிய முட்டை நாற்றமாக. அதன் தூசி சட்டையில் படிந்துவிட்டால் வேர்வையே போதும். பேருந்தில் அவர் பக்கத்து இருக்கைதான் கடைசியாக நிரம்பும். அந்த நாற்றம் அவருக்கு எட்டாது. இத்தனை வருடத்தில் அந்த வாயு அவர் மூக்கைக் கொன்றுவிட்டது. பூக்கடையும் சாக்கடையும் அவருக்கு ஒன்றே.

மூக்கை மனைவியிடம் கொடுத்து வைத்திருந்தார் என்று சொல்லலாம். மாலையில் வாசலிலேயே நிறுத்தி, காலரைப் பிடித்து இழுத்து மோந்து பார்ப்பாள். "இன்னிக்கு முட்டை. பின்பக்கமா போ." இல்லையென்றால், "பரவால்ல, உள்ள வா." மூன்றாவது தீர்ப்பு கிடையாது. அவள் போய்ச் சேர்ந்த பிறகு அவரைச் சுற்றி எல்லோரும் மரியாதைக்காரர்கள் ஆகிவிட்டார்கள். நாறுகிறது என்று ஒருவரும் சொல்வதில்லை. தள்ளி உட்கார்ந்துகொள்கிறார்கள்.

அதனால்தான் ஆலையை விட்டுக் கிளம்பும்போது நனைத்த தாள் ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார். தெருமுனை டீக்கடைக்கு வந்ததும் எடுத்துப் பார்ப்பார். வெள்ளை என்றால் பெஞ்சின் நடுவில் போய் உட்கார்ந்து நாலு பேரை வம்புக்கு இழுப்பார். பழுப்பு என்றால் கடையைப் பார்க்காத மாதிரி நடையைக் கட்டுவார். வீட்டில் காலையில் வடித்த சோறு இருக்கும். பேச்சுத் துணைக்கு டிவி இருக்கும். டிவிக்கு அவர் பதில் சொல்வதும் உண்டு.

வேறு ஊரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போன வருடம் ஒருமுறை போனார். பேத்தி அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தாள். அவளைத் தூக்கி மடியில் வைத்ததுதான் தாமதம், மகள் எழுந்து போய் ஜன்னலைத் திறந்தாள். சட்டைப்பையில் தாள் வெள்ளையாகத்தான் இருந்தது. அவர் தாளை நம்பவில்லை, ஜன்னலை நம்பினார். அடுத்த பேருந்தில் ஊர் திரும்பினார். அதற்குப் பிறகு மகள் எப்போது போனில் கூப்பிட்டாலும், "ஆலையில ஆள் இல்லம்மா" என்ற ஒரே பாட்டு. "உங்க கோபுரத்தை யாரும் தூக்கிட்டுப் போயிட மாட்டாங்கப்பா" என்று அவளும் கேலி செய்து பார்த்தாள். இதற்குள் பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள். அந்த நடையை அவர் பார்த்ததில்லை.

போன வாரம், சொல்லாமல் கொள்ளாமல் மகளே வந்துவிட்டாள். மழை பெய்துகொண்டிருந்த மாலை. தொப்பலாக நனைந்து வந்தவர், பூட்டிய கதவுக்கு முன்னால் குழந்தையும் கையுமாக அவள் நிற்பதைப் பார்த்து, வெளிக்கதவிலேயே நின்றுவிட்டார். கிட்டே வராதே, குளித்துவிட்டு வருகிறேன் என்று கையைக் காட்டினார். ஏன்தான் தன் வீட்டுப்பக்கம் வருவதில்லை என்று அவள் கேட்டாள். மழை என்று பார்க்காமல், தரையைப் பார்த்தபடி ஜன்னல் கதையைச் சொல்லி முடித்தார்.

மகளுக்கு அந்த ஜன்னல் நினைவுக்கு வரவே கொஞ்ச நேரம் ஆயிற்று. "குழந்தை துணி காயலைன்னு திறந்தேன்பா. அதுக்கா?"

"நீ என் மனசு நோகக் கூடாதுன்னு சொல்ற."

அவள் குழந்தையைப் படியில் உட்கார வைத்துவிட்டு மழையில் இறங்கி வந்தாள். அவர் காலரைப் பிடித்து இழுத்து மூக்கை வைத்தாள். முகம் கோணிப்போயிற்று.

"அன்னிக்கு ஒரு நாத்தமும் இல்ல. இன்னிக்கு நாறுதுப்பா, கிட்ட நிக்க முடியல. பின்பக்கமா போங்க."

சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டு அவர் பின்பக்கம் நடந்த வேகத்தைப் பார்த்தால், ஏதோ பரிசு வாங்கப் போகிறவர் மாதிரி இருந்தது. தேய்த்துத் தேய்த்துக் குளித்தார். கழற்றிப் போட்ட சட்டையின் பையில் தாள் இருந்தது. எடுத்துப் பார்க்கவில்லை.

துவைத்து மடித்த சட்டையைப் போட்டுக்கொண்டு அறைக்குள் வந்தார். பேத்தி நாற்காலிக் காலைப் பிடித்து நின்று அவரையே பார்த்தாள். அவர் இன்னும் அவளைத் தூக்கவில்லை. மகளுக்கு முன்னால் போய் நின்று, மேல் பட்டனைக் கழற்றி, குனிந்து காலரை நீட்டினார்.