துவாதசியன்று கொதித்த துளசி

அன்று சனிக்கிழமை, துவாதசி. நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் வீட்டில் ஒருவருக்கும் அது தெரிந்திருக்காது. காலையில் நாள்காட்டியைப் பார்த்துத் திதியை உரக்கச் சொல்வது என் வழக்கம், சொல்லிவிட்டேன்.

துளசி பறிக்கக் கொல்லைக்குப் போன மகள் அப்படியே நின்றாள். நுண்ணுயிரியல் முதுகலை படிக்கிறாள். துளசிச் சாற்றைக் கொண்டு வெள்ளி நானோ துகள்களை உண்டாக்கி, அவை கிருமிகளைக் கொல்கின்றனவா என்று பார்ப்பதுதான் அவளுடைய ஆய்வு. சாற்றோடு வெள்ளி நைட்ரேட் கரைசலைக் கலந்து வெயிலில் வைத்தால் பழுப்பு நிறம் வரவேண்டும். திங்கட்கிழமை அந்தப் பழுப்பைக் காட்டாவிட்டால் தலைப்பையே மாற்றிவிடுவதாகப் பேராசிரியை சொல்லியிருந்தார்.

"துவாதசில துளசி பறிக்கப்படாது," என்றார் கோயிலில் கைங்கர்யம் செய்யும் என் அண்ணா, உள்ளே நுழைந்தபடியே. "நாளைக்கு ஞாயிறு. நாளைக்கும் பறிக்கப்படாது."

"பாக்டீரியாவுக்கு துவாதசியெல்லாம் தெரியாது பெரியப்பா."

"துளசிக்குத் தெரியும்."

ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்து இளகினார். முந்தின நாள் பெருமாளுக்குச் சாத்திய துளசி மாலை அவர் கையில் இருந்தது. பாதியை அறுத்துக் கொடுத்தார். "பறிக்கத்தான் கூடாது. கொதிக்க வைக்கப்படாதுன்னு யாரும் சொல்லலை."

சாறு இறக்க மகள் கேட்ட சுத்தமான தண்ணீரும் தயாராக இருந்தது. முந்தின நாள் கும்மிடிப்பூண்டியில் வேலை முடிந்து வரும்போது பேட்டரிக் கடையில் டிஸ்டில்டு வாட்டர் வாங்கியிருந்தேன்.

"இன்னா சார், வண்டிக்கா, இன்வெர்ட்டருக்கா?" என்று கேட்டார் கடைக்காரர்.

"துளசிக்கு."

"செடிக்கே பேட்டரி தண்ணியா? நல்லாகீது சார்."

மகள் சாறு இறக்கி வெள்ளிக் கரைசலை ஊற்றினாள். பழுப்பு வரவில்லை. பால் திரிந்தாற்போல் வெள்ளை வெள்ளையாகத் திரண்டது. அவள் சமையலறைப் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, துளசியில உப்பு போட்டியா?"

"போடலை. எத்தனை பேர் கை பட்டதோன்னு உப்பு ஜலத்துல அலம்பினேன். கிருமி போகணுமோல்லியோ?"

உப்பு பட்டால் வெள்ளி இப்படித்தான் திரளும் என்று சொல்லிவிட்டு மகள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அண்ணா தன் வீட்டுக்கென்று வைத்திருந்த மீதி மாலையையும் அவள் மடியில் வைத்தார். வைத்துவிட்டுச் சமையலறை வாசலை மறித்து நின்றுகொண்டார், என் மனைவி துளசிப் பக்கம் வராதபடி.

இந்த முறை மொட்டைமாடி வெயிலில் மெல்ல மெல்ல நிறம் ஏறியது. முதலில் தேன், அப்புறம் முதல் டிகாஷன். திங்கட்கிழமை தலைப்பு பிழைத்தது.

சில வாரம் கழித்து மகள் ஒரு புகைப்படம் காட்டினாள். கிருமி படர்ந்த தட்டில், அவளுடைய பழுப்புச் சொட்டைச் சுற்றி மட்டும் தெளிவான வட்டம். அங்கே ஒரு கிருமியும் வளரவில்லை.

"சக்கரத்தாழ்வார்," என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார் அண்ணா.

என் மனைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தை நெடுநேரம் பார்த்தாள். "அலம்பாமலேவா?" என்றாள்.